முதலில் யாரிடம் போவது?

காலை டூட்டி மாறுகிறது. நான்கு நோயாளிகள் உங்கள் பொறுப்பில் வருகிறார்கள். ஒருவருக்குக் குடல்வால் அறுவை முடிந்து ஒரு நாள் ஆகிறது. வலி பத்துக்கு ஏழு என்கிறார். இன்னொருவர் சர்க்கரை நோயாளி; சாப்பாட்டுக்கு முன் சுகர் 260. மூன்றாமவருக்குத் தைராய்டு அறுவை முடிந்து ஆறு மணி நேரம்; தொண்டையை ஏதோ இறுக்குகிறது என்று சொல்லிப் படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்கிறார். நான்காமவர் இன்று வீட்டுக்குப் போகவேண்டியவர். டிஸ்சார்ஜ் தாள் இன்னும் வரவில்லை என்று சத்தம் போடுகிறார். முதலில் யாரிடம் போவீர்கள்?

அமெரிக்காவில் செவிலியராகப் பதிவுபெற எழுதவேண்டிய என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த மாதிரிக் கேள்வியை நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பார்கள். விடை மூன்றாமவர். கழுத்துக்குள் ரத்தம் கசிந்து சேர்ந்தால் மூச்சுக்குழாய் அழுந்தும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு அந்த ரத்தம் முன்பக்கக் கட்டில் தெரியாமல் பிடரிப் பக்கமாக வழிந்து தேங்கவும் கூடும். கட்டு உலர்ந்திருக்கிறதே என்று நிம்மதி அடையாமல், கழுத்துக்குப் பின்னால் கையை நுழைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிக்கான ஊசியும் இன்சுலினும் சில நிமிடங்கள் தாமதிக்கலாம். சத்தம் போடுபவருக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்பதற்கு அவருடைய சத்தமே சாட்சி.

நோயாளி பாதுகாப்பும் முன்னுரிமையும் பற்றிய இத்தகைய கேள்விகளை வைத்துத்தான் இன்று வெளிநாட்டு நர்சிங் தேர்வுக்கான பயிற்சி உலகமே இயங்குகிறது. சென்னையிலேயே இந்தத் தேர்வை எழுத முடிகிறது என்பதால், தமிழ்நாட்டுச் செவிலியர் பலரின் மாலை நேரங்களும் விடுமுறை நாட்களும் இதற்கே போகின்றன. இந்தப் பயிற்சி நல்ல செவிலியரை உருவாக்குகிறதா, நல்ல தேர்வரை மட்டும் உருவாக்குகிறதா என்பதை நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

தேர்வு எதைக் கேட்கிறது

அமெரிக்க மாநிலங்களின் செவிலியர் வாரியங்கள் சேர்ந்து 1978-ல் அமைத்த தேசியக் குழு இந்தத் தேர்வை நடத்துகிறது. இரண்டு நாள் உட்கார்ந்து தாளில் எழுதிய தேர்வு, 1994 ஏப்ரலில் கணினிக்கு மாறியது. அந்தக் கணினி எல்லோருக்கும் ஒரே கேள்விகளைத் தருவதில்லை. சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். தேர்வர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானதும் தேர்வை நிறுத்திவிடும். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் போனால் 150, ஐந்து மணி நேரம். விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது.

2023-ல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பன போன்ற பராமரிப்பு மேலாண்மைக்கு 15 முதல் 21 சதவீதம். பாதுகாப்புக்கும் தொற்றுத் தடுப்புக்கும் 10 முதல் 16 சதவீதம். மருந்தியல் பகுதியிலும் பாதுகாப்புக் கேள்விகள் கலந்திருக்கின்றன. இந்த முக்கியத்துவத்தின் பின்னணியில் ஒரு அதிர்ச்சி இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட 'டு எர் ஈஸ் ஹியூமன்' அறிக்கை, அந்த நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அதற்குப் பிறகு நோயாளி பாதுகாப்பு என்பது நல்லெண்ணத்தைச் சார்ந்த விஷயமாக இல்லாமல், கற்பிக்கவும் அளக்கவும் வேண்டிய பாடமாகிவிட்டது.

இந்தப் பயிற்சி தரும் நன்மை

நம் ஊர் நர்சிங் கல்லூரித் தேர்வுத் தாளை நினைத்துப் பாருங்கள். 'நிமோனியா நோயாளிக்கான செவிலியப் பராமரிப்பை விவரி' என்று கேட்பார்கள். மாணவி பதினைந்து குறிப்புகள் எழுதுவார். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைப்பது, ஆக்சிஜன் தருவது, சத்தான உணவு, வாய்ச் சுத்தம், மனத்தைரியம் அளிப்பது எல்லாம் வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. முதல் வரியில் எழுதியதற்கும் கடைசி வரியில் எழுதியதற்கும் வேறுபாடு கிடையாது. வார்டிலோ வரிசைதான் உயிர். முன்னுரிமைக் கேள்வியில் நான்கு விடைகளுமே சரியான செயல்களாக இருக்கும். அவற்றில் இப்போது எது என்று மட்டும் கேட்கும். நான்கு ஆண்டுப் படிப்பு பெரும்பாலும் கேட்காமல் விட்ட கேள்வி இது. இதைக் கேட்கப் பழக்குவதே இந்தப் பயிற்சியின் முதல் சாதனை.

இரண்டாவது சாதனை, எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாமல் இருக்கக் கற்றுத் தருவது. ஒரு கேள்வியில் சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பழைய நோயாளி; ஆக்சிஜன் அளவு 89. பக்கத்துப் படுக்கையில் தொடை எலும்பு முறிந்து இரண்டு நாள் ஆன இளைஞர். ஆக்சிஜன் 93, ஆனால் திடீரென்று மூச்சு வாங்குகிறது, பேச்சில் குழப்பம், மார்பில் சிறு சிவப்புப் புள்ளிகள். எண் குறைவு முதலாமவருக்கு. ஆபத்து இரண்டாமவருக்கு. சிஓபிடிக்காரருக்கு 88-லிருந்து 92 வரை என்பதே பொதுவாக வைக்கும் இலக்கு. அவர் தன் வழக்கமான நிலையில் இருக்கிறார். இளைஞருக்கு எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். எதிர்பார்த்ததா, எதிர்பாராததா; நாட்பட்டதா, இப்போது வந்ததா; நிலையாக இருக்கிறதா, சரிகிறதா என்ற மூன்று கேள்விகளை ஒருவர் மனத்தில் ஊன்றிவிட்டால், அவை தேர்வு முடிந்த பிறகும் நைட் டூட்டியில் துணைக்கு வரும்.

மூன்றாவது, செவிலியரைத் தீர்மானிப்பவராகப் பார்ப்பது. டாக்டர் எழுதியதைச் செய்வது மட்டும் இங்கே விடையாகாது. எழுதிய டோஸ் அதிகமாக இருந்தால் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திக் கேட்பதுதான் விடை. பொட்டாசியம் குளோரைடை நேரடியாக நரம்பில் தள்ளச் சொல்லி யார் சொன்னாலும் மறுப்பதுதான் விடை. 'சார் சொன்னார், செய்தேன்' என்ற சொல்லுக்குப் பழகிய வார்டுகளிலிருந்து போகிறவர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

வாய்பாடு என்னும் வசதி

குறைகள் தொடங்கும் இடம் பயிற்சி மையம். தேர்வுக்கான பதிவுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுத மேலும் 150 டாலர். தவறினால் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கிப் படிக்கும் ஒருவருக்கு இந்த அழுத்தத்தில் புரிதலைவிடக் குறுக்குவழிதான் கண்ணில் படும். விற்பவர்களும் அதையே விற்கிறார்கள். 'ஏபிசி (மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்) எப்போதும் முதலில்', 'உடல் தேவைக்குப் பிறகே மனத் தேவை', 'சந்தேகம் வந்தால் அசெஸ் பண்ணு', 'டாக்டரைக் கூப்பிடு என்ற விடையைத் தொடாதே'. நான்கு வாய்பாடுகள், நான்கும் பல நேரம் பலிக்கும், சில நேரம் கொல்லும்.

'முதலில் அசெஸ் பண்ணு' என்பதை எடுத்துக்கொள்வோம். ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம். நோயாளிக்கு நடுக்கம், இடுப்பு வலி. விடைகளில் 'பி.பி., வெப்பநிலை பாருங்கள்' என்று ஒன்றும், 'ரத்தத்தை நிறுத்துங்கள்' என்று ஒன்றும் இருக்கும். வாய்பாட்டுக்காரர் பி.பி. கருவியைத் தேடிப் போவார். கேள்வியே மதிப்பீட்டை முடித்துக் கையில் கொடுத்துவிட்டது என்பதை அவர் கவனிக்கவில்லை. பொருந்தாத ரத்தம் ஒவ்வொரு சொட்டாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. முதலில் நிறுத்த வேண்டும், புதிய குழாயில் நார்மல் சலைன் ஓடவிட வேண்டும், பிறகுதான் மற்றவை.

'மனத் தேவை கடைசி' என்ற வாய்பாட்டுக்கு ஆதாரமாக உளவியலாளர் மாஸ்லோவின் பெயரைச் சொல்வார்கள். அவர் 1943-ல் எழுதியது மனிதனை எது உந்துகிறது என்பதைப் பற்றிய உளவியல் கட்டுரை. வார்டு ரவுண்ட்ஸுக்கான அட்டவணையாக அதை அவர் எழுதவில்லை. கடும் மனச்சோர்வுக்கு மருந்து ஆரம்பித்த நோயாளி, ஒரு நாள் காலையில் திடீரென்று தெளிவாகி, தன் கைக்கடிகாரத்தைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டார் என்றால், அந்த வார்டில் அவர்தான் முதல் நோயாளி. முடிவெடுத்துவிட்டவரின் அமைதியாக அது இருக்கலாம். உடல் கேள்வி, மனக் கேள்வி என்று பிரித்துப் பழகிய கண் இதைத் தாண்டிப் போய்விடும்.

ஏபிசி என்பதும் வேதவாக்கு இல்லை. இதயம் நின்றவருக்கு மூச்சுப்பாதையில் தொடங்கும் பழைய வரிசையை 2010-ல் அமெரிக்க இதயச் சங்கம் மாற்றியது. நெஞ்சை அழுத்துவதில் தொடங்கும் சிஏபி வந்தது. காரணம் தெரிந்து கற்றவர்கள் அந்த மாற்றத்தை எளிதில் ஏற்றார்கள். எழுத்து வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்குக் குழப்பம்.

நான்கில் கடைசி வாய்பாடுதான் அதிக ஆபத்தானது. டாக்டரை அழைப்பது தவறான விடை என்று மாதக் கணக்கில் பழகிய கை, உண்மையில் அழைக்க வேண்டிய நேரத்தில் போனை எடுக்கத் தயங்கும். நோயாளி சரிவதைக் கண்டும் உரிய நேரத்தில் மேலே தெரிவிக்காமல் விடுவது மருத்துவமனை மரணங்களின் அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. தன்னால் ஆனதைச் செய்யாமல் பொறுப்பைத் தள்ளிவிடாதே என்பதுதான் அந்த விடைகளின் உட்பொருள். வாய்பாடு அதைத் தலைகீழாக்கிவிட்டது.

வினாத்தாளுக்குள் வராத வார்டு

பயிற்சி மையத்தைக் குறைசொல்லி முடித்துவிட முடியாது. கேள்வியின் அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. 'நோயாளி நிலைகொள்ளாமல் இருக்கிறார், மூச்சு 30' என்று கேள்வி சொல்லிவிடுகிறது. வார்டில் அதை யாரும் சொல்வதில்லை. யாராவது உட்கார்ந்து எண்ணினால்தான் அந்த 30 தெரியும். கூட்டமான வார்டில் சார்ட்டைப் புரட்டினால், மூச்சு எண்ணிக்கைப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் 20 என்று இருப்பதைக் காணலாம். காய்ச்சல்காரருக்கும் 20, நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் 20. உடல் சரியத் தொடங்கும்போது முதலில் மாறும் அறிகுறிகளில் மூச்சு வேகமும் ஒன்று. அதையே நாம் பார்க்காமல் எழுதுகிறோம். தடயம் கையில் கிடைத்த பிறகு முன்னுரிமை சொல்வது பாதி வேலை. தடயத்தைக் கண்டெடுப்பது மீதிப் பாதி, அதுவும் கடினமான பாதி. பழைய பாணிக் கேள்வி அதைத் தொடுவதே இல்லை.

இந்த இடைவெளியை அமெரிக்கர்களே உணர்ந்தார்கள். வேலைக்குப் புதிதாக வந்த பதிவுபெற்ற செவிலியரைச் சோதித்த டோரத்தி டெல் பியூனோ, அவர்களில் 35 சதவீதம் பேரே தொடக்க நிலைக்கு எதிர்பார்க்கும் மருத்துவத் தீர்மானத் திறனைக் காட்டினார்கள் என்று 2005-ல் எழுதினார்.

அதன் பிறகு நெடுநாள் ஆய்வு செய்து, 2023 ஏப்ரல் 1 முதல் தேர்வின் வடிவத்தை மாற்றினார்கள். இப்போது ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் கொண்ட மூன்று தொகுப்புகள் வருகின்றன. செவிலியர் குறிப்பு, ஆய்வக முடிவு, மருந்துப் பட்டியல் எல்லாம் திரையில் இருக்கும். எது முக்கியம் என்று தேர்வரே தேட வேண்டும். தடயத்தைக் கண்டுகொள்வது, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது, எது நடந்திருக்கும் என்று வரிசைப்படுத்துவது, வழிகளை யோசிப்பது, செயல்படுவது, பலன் கிடைத்ததா என்று திரும்பிப் பார்ப்பது என்று ஆறு படிகள். பாதி சரியென்றால் பாதி மதிப்பெண்ணும் உண்டு. முன்பைவிட வார்டுக்கு நெருங்கி வந்த தேர்வு இது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் திரையில் இருப்பது யாரோ பார்த்து எழுதிய குறிப்புதான். பிடரிக்குக் கீழே கை நுழைவதை எந்தத் திரையும் சோதிக்காது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வெளிநாட்டுச் செவிலியருக்குக் கணினித் தேர்வோடு செய்முறைத் தேர்வும் வைத்திருப்பது இதனால்தான். ஆஸ்திரேலியா என்கிளெக்ஸையே முதல் கட்டமாக ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு தேர்வரை நேரில் வரவழைத்துச் செய்துகாட்டச் சொல்கிறது. அந்த ஏற்பாடு செலவு கூடியது, நியாயமும் கூடியது.

தனி ஆளின் கெட்டிக்காரத்தனம் போதுமா?

இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. முன்னுரிமைக் கேள்வி பாதுகாப்பை முழுக்க ஒரு செவிலியரின் தலைக்குள் வைத்துவிடுகிறது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்ததைப் பாருங்கள். ஸ்கேன் எடுக்கப் பயந்த மூதாட்டிக்குப் பதற்றம் தணிக்க வெர்செட் என்ற மருந்தை எழுதியிருந்தார்கள். செவிலியர் மருந்துப் பெட்டகக் கணினியில் வி, ஈ என்ற முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். பெட்டகம் அந்த மருந்தை மிடசோலாம் என்ற பொதுப்பெயரில் வைத்திருந்ததால் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டை மீறித் திறக்கும் வழியில் போனார். வந்தது வெக்குரோனியம், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. வெர்செட் நீர்மமாக வரும். இது கலக்கவேண்டிய தூள். மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. அப்படியிருந்தும் கை நிற்கவில்லை. மருந்து ஏறிய பிறகு கண்காணிக்க யாரும் இல்லை. நோயாளி இறந்தார். 2022-ல் நீதிமன்றம் செவிலியரைக் குற்றவாளி என்றது; மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது.

'மருந்து தரும் முன் பெயரை எத்தனை முறை சரிபார்க்க வேண்டும்?' என்று கேட்டிருந்தால் அவர் சரியாகவே விடை சொல்லியிருப்பார். உரிமம் பெற்றவர்தான். விடை தெரியாததால் அந்தத் தவறு நடக்கவில்லை. பெட்டகத்தின் பெயர் முறை, மீறித் திறப்பது அன்றாட வழக்கமாகிப் போனது, கவனத்தைப் பிரித்த வேலைகள், கண்காணிப்பு இல்லாத இடம் என்று பல ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் வந்தன. தனிமனிதப் பொறுப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் பயிற்சி இந்த ஓட்டைகளைப் பார்க்கக் கற்றுத் தருவதில்லை.

ஆள் எண்ணிக்கையும் அப்படித்தான். லிண்டா ஐக்கனும் சக ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, அறுவை நோயாளிகளிடையே ஒரு செவிலியருக்குக் கூடும் ஒவ்வொரு நோயாளியோடும் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. கலிஃபோர்னியா மாநிலம் 2004 முதல் இந்த விகிதத்தைச் சட்டத்தாலேயே கட்டுப்படுத்துகிறது. தேர்வின் முன்னுரிமைக் கேள்வியில் பெரும்பாலும் நான்கு நோயாளிகள்தான். நம் அரசு மருத்துவமனையின் இரவு வார்டில் எத்தனை பேர் என்று இதைப் படிக்கும் செவிலியருக்குத் தெரியும். நான்கு பேரில் ஒருவரை முன்னே வைப்பது தீர்மானம். நாற்பது பேரில் ஒருவரை முன்னே வைப்பது மற்ற முப்பத்தொன்பது பேரைக் கடவுளிடம் ஒப்படைப்பது. முன்னுரிமை என்ற நல்ல சொல், ஆள் போடாத நிர்வாகத்துக்குத் திரையாகிவிடக் கூடாது.

வேலை ஒப்படைக்கும் கேள்விகள் நம்மவர்களுக்கு வேறு விதமாக அந்நியம். பதிவுபெற்ற செவிலியர், உரிமம் பெற்ற துணைச் செவிலியர், உதவியாளர் என்ற அமெரிக்க அடுக்கு இங்கே அப்படியே கிடையாது. மதிப்பிடுவது, கற்பிப்பது, பலனை ஆராய்வது ஆகியவற்றை உதவியாளரிடம் விடாதே என்று மனப்பாடம் செய்கிறார்கள். இங்கே நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், 'சிஸ்டர், பாட்டில் முடியப்போகுது' என்று ஓடிவந்து சொல்வதும் உடனிருக்கும் உறவினர்தான். 'அம்மா முகம் நேத்து மாதிரி இல்ல சிஸ்டர்' என்று ஒரு மகள் சொன்னால், அது எந்த மானிட்டரையும்விட முந்தி வந்த எச்சரிக்கையாக இருக்கலாம். இறக்குமதியான பயிற்சியில் இந்தத் துணைக்கு அதிக இடம் இல்லை.

தீர்ப்பு

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பயிற்சியை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நம் நர்சிங் கல்வியில் இல்லாத ஒரு ஒழுங்கு இதில் இருக்கிறது. அதை வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருப்பதுதான் நம் தவறு. முதல் ஆண்டிலிருந்தே நம் கல்லூரித் தேர்வுகளில் 'விவரி' என்பதோடு 'முதலில் எது, ஏன்' என்றும் கேட்கலாம். அதற்கு டாலர் தேவையில்லை.

பயிற்சி தருபவர்கள் செய்யவேண்டியது ஒன்று. வாய்பாட்டைச் சொல்லும் அதே மூச்சில் அது எங்கே தோற்கும் என்பதையும் சொல்லுங்கள். ரத்தம் ஏற்றும் கேள்வியும் கைக்கடிகாரத்தைக் கொடுத்தவரின் கேள்வியும் இல்லாத முன்னுரிமை வகுப்பு அரைகுறை வகுப்பு.

படிக்கிறவர்களுக்கும் ஒன்று. விடை சரியானதும் அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். மற்ற மூன்று நோயாளிகளில் யாராவது முதலாவதாக மாற, கேள்வியில் எந்த ஒரு வரி மாறவேண்டும் என்று யோசியுங்கள். குடல்வால் அறுவை முடிந்தவரின் வயிறு பலகைபோல் இறுகியிருந்தால்? சுகர் 260 என்பது 40 என்றிருந்தால்? ஒரு நாளுக்கு நூறு கேள்விகளைத் தாண்டுவதைவிட, இருபது கேள்விகளை இப்படிப் புரட்டிப் பார்ப்பது அதிகம் தரும். அடுத்த நாள் டூட்டியில் ஒரு நோயாளிக்காவது மூச்சை முழு நிமிடம் எண்ணி எழுதுங்கள். 20 என்று எழுதும் பழக்கம் அங்கேதான் உடையும்.

மருத்துவமனைகளும் அரசும் ஒன்றை மறக்கக் கூடாது. தேர்ச்சிச் சான்றிதழ் என்பது ஒருவருக்குச் சரியான விடை தெரியும் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அந்த விடையைச் செயலாக்கப் போதுமான ஆளும், நேரமும், தவறை மறைக்காமல் சொல்லும் துணிவுக்கு இடமும் வார்டில் இருக்கிறதா என்பதற்கு எந்தத் தேர்வும் பொறுப்பேற்காது. அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.